கிழமை தவறாமல்: இங்கிலாந்தின் மறைந்த ஸ்பீட்வே மைதானங்களில் ஒரு பயணம்

செவ்வாய், கஸ்டம் ஹவுஸ்

இங்கிலாந்தில் ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்து வளர்ந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கிழமையில்தான் தொடங்குவார்கள். செவ்வாய் என்றால் வெஸ்ட் ஹாம். வியாழன் விம்பிள்டன். வெள்ளி ஹாக்னி. சனிக்கிழமை மான்செஸ்டரின் பெல் வ்யூ. வீரர்களின் பெயர், கோப்பை, சாதனை எல்லாம் அதற்குப் பிறகு. அந்த நான்கு மைதானங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. இல்லாத இடங்களை அவற்றுக்குரிய கிழமையிலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு சென்னையில் விமானம் ஏறினேன்.

அக்கா வீடு ஈஸ்ட் ஹாமில். "லண்டன் வரைக்கும் வந்து காலி மனை பார்க்கிற ஒரே ஆள் நீதானடா" என்றாள். காலி மனைகூட மிச்சமில்லை, எல்லாவற்றிலும் கட்டடம் எழும்பிவிட்டது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஸ்பீட்வே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நீள்வட்டத் தடம், நான்கு பேர், நான்கு சுற்று. எப்போதும் இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும். 500 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர். பிரேக் கிடையாது. வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வெளியே சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு மாட்டிய இடக்காலைத் தரையில் தேய்த்தபடி பறப்பார்கள். ஹீட் என்று சொல்லும் இந்த ஓட்டம் சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, பிறகு 2, 1. கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஹீட்டுக்கு ஹீட் கூட்டிக்கொண்டே போய் இரவின் முடிவில் எந்த அணி முன்னால் என்று பார்ப்பார்கள். நம் ஊரில் ஜாவா, யெஸ்டி ஓட்டியவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: செக்கோஸ்லோவாக்கியாவின் அதே ஜாவா பெயரில் வந்த ஸ்பீட்வே வண்டிகள் ஒரு காலத்தில் உலகெங்கும் பந்தயத் தடங்களில் ஓடின.

வெஸ்ட் ஹாம் மைதானம் இருந்த கஸ்டம் ஹவுஸுக்கு என்னோடு வந்தவர் அக்காவின் பக்கத்துத் தெருப் பெரியவர். எண்பதைத் தாண்டியவர், துறைமுகம் மூடப்படும் வரை அங்கே வேலை பார்த்தவர். பிரின்ஸ் ரீஜெண்ட் லேனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கைத்தடியை நீட்டி, "இங்கிருந்து அங்கே வரைக்கும் தலைகள்தான் தெரியும்" என்றார். நான் பார்த்தது செங்கல் வீடுகள், குப்பைத் தொட்டிகள், சைக்கிள் ஓட்டும் ஒரு பையன்.

வெஸ்ட் ஹாம் மைதானம் 1928-இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் பாதிக் கால்பந்து மைதானங்களுக்கு வரைபடம் போட்ட ஆர்ச்சிபால்ட் லீச்தான் இதற்கும். தேம்ஸ் என்ற கால்பந்து அணியும் சில காலம் இங்கே ஆடியது. 1930 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த அணி லூட்டனோடு மோதியதைப் பார்க்க வந்தவர்கள் 469 பேர். அதே மைதானத்தில் 1933-இல் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்த ஸ்பீட்வே டெஸ்டுக்கு 80 ஆயிரத்துக்கும் மேல். கால்பந்து தேசத்தில்தான் இப்படி.

மைதானம் 1972-இல் இடிக்கப்பட்டு வீடுகள் வந்தன. தெருக்களுக்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. வில்கின்சன் சாலை, யங் சாலை, குரூம்ப்ஸ் சாலை, அட்கின்சன் சாலை, லாசன் குளோஸ், ஹாஸ்கின்ஸ் குளோஸ் என்று தடத்தில் ஓடியவர்களும் பந்தயத்தை நடத்தியவரும் பெயர்ப் பலகையில் நிற்கிறார்கள். ஹாஸ்கின்ஸ் என்பவர் ஜானி ஹாஸ்கின்ஸ், நியூசிலாந்தில் பிறந்தவர். 1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்டில் விளக்கொளியில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தி, ஸ்பீட்வேயின் தந்தை என்ற பெயரை வாங்கிக்கொண்டவர்.

வில்கின்சன் கதை தனி. ஆஸ்திரேலியரான ப்ளூயி வில்கின்சன் 1936-இல் வெம்பிளியில் நடந்த முதல் உலக இறுதிப் போட்டியில் ஓடிய எல்லா ஹீட்டிலும் முதலாவதாக வந்தார். ஆனால் பட்டம் அவருக்கு இல்லை! முந்தைய சுற்றுகளின் போனஸ் புள்ளிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டதில் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார். லயனல் வான் பிராக் உலகச் சாம்பியன் ஆனார். 1938-இல் வில்கின்சன் மறுபடி வந்தார், முறிந்த காறையெலும்போடு. அந்த முறை எந்தக் கணக்காலும் அவரைத் தடுக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. 1940-இல் சிட்னியில் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் பெயர் கொண்ட தெருவில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணிடம் வில்கின்சன் யார் தெரியுமா என்று கேட்டேன். "பழைய கவுன்சிலராக இருக்கும்" என்றார். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண்ணை நிறுத்திவைத்து உலக இறுதிப் போட்டி முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் விட்டார். குழந்தை தூங்கிவிட்டது.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே அணியின் எனாமல் பேட்ஜ். அதன் அடியில் குட்டி வளையங்களில் கோத்த பித்தளைப் பட்டைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஆண்டு பொறித்திருக்கிறது. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு பட்டை வாங்கி மாட்டுவார்களாம். 1964, 65, 66 என்று இறங்கி வந்த பட்டைகளில் 1965 மட்டும் விரல் பட்டுப் பட்டு எழுத்து மழுங்கியிருந்தது. அந்த ஆண்டுதான் வெஸ்ட் ஹாம் புதிதாகத் தொடங்கிய பிரிட்டிஷ் லீகை வென்றது. 1970-க்கு வந்ததும் விரல் நின்றது. அந்த ஜூலையில் ஐரோப்பாவில் பந்தயம் முடித்துத் திரும்பிய வேன் பெல்ஜியத்தின் லோக்கரன் அருகே விபத்தில் சிக்கி, மேலாளர் ஃபில் பிஷப்பும் நான்கு வீரர்களும் இறந்தார்கள். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அடுத்த செவ்வாய் எல்லோரும் வந்திருந்தார்கள், யாரும் கத்தவில்லை என்று மட்டும் சொன்னார்.

வாசனையைப் பற்றித்தான் நிறையப் பேசினார். எஞ்சினுக்கு ஊற்றிய எண்ணெய் எரிந்து வரும் மணம். வீட்டுக்குப் போனதும் கோட்டில் அது இருக்கும், அம்மா கோட்டை வாசலிலேயே கழற்றச் சொல்வாராம். என்ன எண்ணெய் என்று கேட்டேன். ஆமணக்கு. நம் விளக்கெண்ணெயேதான்! பந்தய எஞ்சின்களின் சூட்டுக்கு அது நன்றாகத் தாங்கும் என்பதால் அதை அடிப்படையாகக் கொண்ட எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். நமக்கெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியதை நினைவூட்டும் பொருள், இந்த மனிதருக்கு இளமை.

ஓரிடத்தில் நடைபாதை விளிம்பில் நின்று, "புறப்படும் நாடா இங்கேதான் இருந்தது" என்றார். கைப்பேசியில் பழைய வரைபடம் வைத்திருந்தேன்; எடுத்துப் பார்க்கவில்லை.

புதன்

அக்காவுக்காக ஒதுக்கிய நாள். மேனர் பார்க் முருகன் கோயில், பிறகு காய்கறி. அத்தானுக்கு கஸ்டம் ஹவுஸில் வாடகைக்கு வீடு தேடிய அனுபவம் உண்டு. குரூம்ப்ஸ் சாலையில் ஒரு வீடு கைநழுவிப் போனதாம். டாமி குரூம்ப்ஸ் என்ற வீரரின் பெயர் அது என்று நான் சொன்னதற்கு, "வாடகை குறையுமா?" என்று கேட்டார்.

வியாழன், ப்ளவ் லேன்

ஹேடன்ஸ் ரோடு ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் விம்பிள்டன் ப்ளவ் லேன். இங்கே இன்று நிற்பது ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் கால்பந்து மைதானம். 2020 நவம்பரில் திறந்தார்கள். நாய்ப் பந்தயத்துக்காகக் கட்டிய பழைய மைதானம் இருந்த இடம் இது. 1928 முதல் ஸ்பீட்வேயும் இங்கே. கடைசி நாய்ப் பந்தயம் 2017 மார்ச்சில். ஸ்பீட்வே அதற்கு முன்பே போய்விட்டது. 1991-இல் நின்று, 2002-இல் கீழ்ப்பிரிவில் திரும்பி, 2005-உடன் முடிந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விம்பிள்டன் கால்பந்து ரசிகர்களும் மைதானத்தை இழந்தவர்களே. இதே தெருவில் கூப்பிடு தூரத்தில் இருந்த அவர்களின் பழைய மைதானம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. கிளப்பே வேறு நகரத்துக்குப் போனபோது ரசிகர்கள் சேர்ந்து புதிய கிளப்பைத் தொடங்கி, பல ஆண்டு போராடி, ப்ளவ் லேனுக்குத் திரும்பினார்கள். உலகம் முழுவதும் கொண்டாடிய கதை. ஆனால் அவர்கள் வீடு திரும்பியது இன்னொரு கூட்டத்தின் வீட்டுக்குள். பத்திரிகைகளில் இந்தப் பாதி அவ்வளவாக வரவில்லை.

வாசலில் சந்தித்த அம்மையார் இரண்டு கூட்டத்திலும் இருக்கிறார். 1970-களில் பள்ளி மாணவி. வியாழன் மாலை வீட்டுப்பாடத்தை மைதானப் படியில் உட்கார்ந்து முடித்துவிட்டு, முதல் ஹீட்டுக்கு முன் கையெழுத்துப் புத்தகத்தோடு, வண்டிகளைத் தயார் செய்யும் பிட் வாசலில் நிற்பாராம். இன்று கால்பந்துக்கு சீசன் டிக்கெட். இருக்கையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். முதல் வளைவில் தான் நின்ற இடம் எதுவென்று கணக்குப் போட்டு, அதற்கு எவ்வளவு கிட்டத்தில் கிடைத்ததோ அங்கே என்றார். கோல் கம்பம் சரியாகத் தெரியாதாம். பரவாயில்லையாம்.

அவர் சொல்லித்தான் ஒன்று உறைத்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் என்ற ஒரே ஊரிலிருந்து மூன்று பையன்கள் இந்த ப்ளவ் லேனுக்கு வந்தார்கள். ரோனி மூர் 17 வயதில் உலக இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார். 1954-இலும் 1959-இலும் சாம்பியன். பேரி பிரிக்ஸ் 1957, 58, 64, 66. மூன்றாமவர் ஐவன் மாகர், 1957-இல் வந்தபோது அணியில் இடம் கிடைக்காமல் மைதானத்தில் எடுபிடி வேலை பார்த்தவர். பிறகு அவர் வென்றது ஆறு உலகப் பட்டங்கள். மூவருக்கும் சேர்த்து 12. இதைச் சொல்லும் பலகை எதையும் நான் சுற்றி வந்த பக்கத்தில் காணவில்லை.

பசித்தது. அடுத்த பேட்டையான டூட்டிங்கில் மசால் தோசை. லண்டன் விலைக்கு நன்றாகவே இருந்தது.

வெள்ளி, ஹாக்னி விக்

மழை. வாட்டர்டன் சாலையில் இருந்த ஹாக்னி மைதானத்தின் இடம் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்குள் போய்விட்டது. அப்போது ஊடக மையம் வந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள், மடிக்கணினி இளைஞர்கள், கால்வாய் ஓரத்தில் விலை கூடிய காப்பி. இங்கே பழைய ஆள் யாரும் அகப்படவில்லை.

ஒரு கூத்தை மட்டும் பதிவு செய்கிறேன். 1995-இல் இந்த மைதானத்தைப் பெரும் செலவில் புதுப்பித்தார்கள். நாய்ப் பந்தயத்துக்காகக் கோலாகலமாகத் திறந்த அன்றே நிறுவனம் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. அந்த ஆண்டும் மறு ஆண்டும் உலக ஸ்பீட்வே கிராண்ட் பிரீயின் பிரிட்டன் சுற்றை இங்கே நடத்தினார்கள். 1996-இல் லண்டன் லயன்ஸ் என்ற பெயரில் ஓர் அணியும் ஓடிப் பார்த்தது. ஒரு சீசன்தான். 1981-இல் வெம்பிளியில் கடைசியாக உலக இறுதிப் போட்டி நடந்தபோது 90 ஆயிரம் பேரைக் கூட்டிய லண்டனில், இன்று ஒரு ஸ்பீட்வே அணிகூட இல்லை.

சனி, ஹைட் ரோடு

மான்செஸ்டர் பிக்கடில்லியில் இறங்கி கிழக்கே ஹைட் ரோடு. இங்கே பெல் வ்யூ என்றால் ஒரு காலத்தில் மைதானம் மட்டுமில்லை. ஜான் ஜெனிசன் 1836-இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, நடன அரங்கு, சர்க்கஸ், மரத்தாலான ரோலர் கோஸ்டர், வாணவேடிக்கை எல்லாம் ஒரே வளாகத்தில். 1929 முதல் அதன் நடுவே ஸ்பீட்வே. சனிக்கிழமை குடும்பத்தோடு வந்து யானை பார்த்து, பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் தின்று, இரவு பந்தயம் பார்த்துவிட்டு பஸ் ஏறுவார்கள். காட்சிசாலை 1977-இல் மூடப்பட்டது. பந்தய மைதானம் 1987-இல் விற்கப்பட்டது. இப்போது கார் ஏலம் விடும் இடம். வேலிக்கு அப்பால் வரிசை வரிசையாகக் கார்கள், கண்ணாடியில் எண் ஒட்டியபடி.

என்னைக் கூட்டிப்போனவர்கள் இரண்டு சகோதரர்கள், இருவரும் எழுபதுக்கு மேல். அண்ணன் சொல்வதைத் தம்பி மறுப்பதும் தம்பி சொல்வதை அண்ணன் திருத்துவதுமாகவே நாள் போனது. ஹீட்டுக்கும் ஹீட்டுக்கும் நடுவே சிங்கம் கர்ஜிப்பது கேட்கும் என்றார் அண்ணன். அது சிங்கமே இல்லை, கடல்சிங்கம் என்றார் தம்பி. இருவரும் ஒத்துப்போனது தடத்தின் வேகத்தில் மட்டும்: 418 கெஜம், அகன்ற வளைவுகள், வேலியோரமாகவே முழுவேகத்தில் ஒருவரை முந்தலாம். பீட்டர் காலின்ஸ் அப்படி வெளிப்பக்கமாக முந்துவதைப் பார்க்கவே சனிக்கிழமை வந்தோம் என்றார்கள். காலின்ஸ் 1976-இல் உலகச் சாம்பியன்.

அண்ணன் ஒரு பழைய நிகழ்ச்சி நிரலைக் கொண்டுவந்திருந்தார். நம் ஊரில் கச்சேரிக்குப் போகிறவர்கள் ராகத்தைக் குறித்துக்கொள்வதுபோல இங்கே ஒவ்வொருவரும் ஹீட் முடிந்ததும் கட்டத்தை நிரப்புவார்கள். பென்சிலில் 3, 2, 1, 0. விழுந்தவருக்கு ஓர் எழுத்து, எஞ்சின் நின்றவருக்கு இன்னொன்று, விலக்கப்பட்டவருக்கு மற்றொன்று. அவர் காட்டியதில் பதினோராம் ஹீட் வரைக்கும் பிள்ளைக் கையெழுத்து, அதன் பிறகு பெரியவர் கையெழுத்து. "தூங்கிவிட்டேன். மிச்சத்தை அப்பா எழுதினார்."

1963-இல் அவர்கள் சிறுவர்கள். பெல் வ்யூவின் நாயகன் பீட்டர் கிரேவன், லிவர்பூலில் பிறந்தவர், குள்ளமான மனிதர், 1955-இலும் 1962-இலும் உலகச் சாம்பியன். அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று எடின்பரோவில் ஓடும்போது, எதிரே விழுந்த வீரர் மீது ஏறிவிடாமல் விலகியவர் வேலியில் மோதினார். நான்கு நாள் கழித்து மரணம். வயது 29. விளையாட்டில் செத்தவர்களைத் தியாகிகள் ஆக்குவது எனக்குப் பிடிக்காது. பிரேக் இல்லாத வண்டியில் இன்னொருவனுக்காகத் திரும்பிய அந்த நொடியை மட்டும் தள்ளிவிட முடியவில்லை. அப்பா செய்தித்தாளை ஒளித்து வைத்தார் என்றார் தம்பி. இந்த ஒரு முறை அண்ணன் திருத்தவில்லை.

எனக்குச் சோழவரம் ஞாபகம் வந்தது. போர்க்கால விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் பந்தயங்கள் நடந்த இடம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததும் ஓய்ந்தது. அங்கே போய் வந்த மனிதர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது டேப்பைப் போட்டுப் பேச வைக்கக் கூடாதா?

ஞாயிறு, அருங்காட்சியகம்

மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் பெல் வ்யூவின் மகாராஜா நிற்கிறார். ஆசிய யானை, எலும்புக்கூடு. 1872-இல் எடின்பரோவில் ஏலத்தில் வாங்கினார்கள். ரயில் பெட்டியில் ஏற்றினால் பெட்டியை உடைத்துவிட்டது. வேறு வழியின்றி பாகன் அதை மான்செஸ்டர் வரை நடத்தியே கூட்டி வந்தார். ஸ்பீட்வேக்கும் இதற்கும் தொடர்பில்லைதான். யானை இருந்தால் நான் போய்ப் பார்த்தாக வேண்டும்.

திங்கள், கோர்ட்டன்

இன்று உயிருள்ள பந்தயம். பெல் வ்யூ அணி சாகவில்லை. 1988 முதல் கிர்க்மன்ஷுல்ம் லேன் நாய்ப் பந்தய மைதானத்தில் ஓடி, 2016-இல் பக்கத்திலேயே கட்டிய தேசிய ஸ்பீட்வே மைதானத்துக்கு மாறியது. திறப்பு விழாப் பந்தயம் பீட்டர் கிரேவன் நினைவுக் கோப்பை. தடம் சரியில்லை என்று அன்றே ரத்தானது. சகோதரர்கள் அந்த இரவு வந்து திரும்பிப் போனவர்கள். இன்றுவரை அதைப் பற்றிச் சிரிப்பில்லாமல் பேச அவர்களுக்குத் தெரியவில்லை.

டிராக்டர் செந்நிறத் துகள்களைச் சமப்படுத்திவிட்டுப் போனது. உள்ளூர் அணிக்குச் சிவப்பு, நீலத் தொப்பிகள். வந்தவர்களுக்கு வெள்ளை, மஞ்சள். நால்வரும் நாடாவுக்கு முன் வந்து பின்சக்கரத்தால் மண்ணைத் தோண்டிக் குழி பறித்தார்கள். பச்சை விளக்கு. எஞ்சின் ஓசை நெஞ்செலும்பில் இறங்கியது. நாடா எழும்பியதும் நான்கு வண்டிகளும் முதல் வளைவில் ஒரே வண்டியாகச் சாய்ந்தன. பிரிந்து வெளியே வந்தபோது மஞ்சள் முன்னால். பிறகுதான் அந்த மணம். விளக்கெண்ணெய்தான், சந்தேகமில்லை. கஸ்டம் ஹவுஸ் பெரியவரை நினைத்துக்கொண்டு இழுத்து மூச்சு விட்டேன். பக்கத்தில் ஒரு சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாம் ஹீட்டிலிருந்து நானும் கட்டத்தை நிரப்பினேன். தம்பிக்கு இந்தத் தடம் பிடிக்கும். சரிவான வளைவு, முந்த இடமிருக்கிறது, ஹைட் ரோடுக்கு அடுத்து இதுதான் என்றார். அண்ணன், ஹைட் ரோடில் இவர்கள் எவரும் இரண்டு புள்ளி தாண்ட மாட்டார்கள் என்றார். பதினைந்தாவது ஹீட் வரை இது முடியவில்லை. பஸ் நிறுத்தத்திலும் தொடர்ந்தது.

போக நினைப்பவர்களுக்கு: சீசன் வசந்தத்தில் தொடங்கி அக்டோபர் வரை. மழை பெய்தால் பந்தயம் இல்லை, புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரலும் பேனாவும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். வளைவுப் பக்கம் நிற்பதாக இருந்தால் வெள்ளைச் சட்டை வேண்டாம். என்னுடையதை அக்கா இரண்டு முறை துவைத்துப் பார்த்துவிட்டாள்.